ஆபீஸ் வேஷம்

சியோல் மெட்ரோவில் காலை எட்டு மணிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு வயது இருக்கலாம். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கண்ணில் தூக்கக் கலக்கம். சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரயில் குலுங்கும்போது அட்டை திரும்பிக்கொள்கிறது. பின்பக்கத்திலிருந்து வெள்ளி நிற முடிக்காரப் பையன் ஒருவன் கண் சிமிட்டுகிறான்.

அம்மணி கே-பாப் ரசிகை. ஆபீஸில் மட்டும் மூச்சு விடமாட்டார். இந்த ஒளிவுமறைவுக்குக் கொரிய ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'இல்கோ'. 'சாதாரண ஆள்' என்ற கொரியச் சொல்லின் தலையையும் 'காஸ்பிளே'யின் தலையையும் வெட்டி ஒட்டியது. சாதாரண மனுஷியாக வேஷம் கட்டுவது என்று அர்த்தம். அதாவது, அவர்கள் கணக்கில் ரசிகை நிஜம், ஆபீஸ்தான் வேஷம். சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கு இதை யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது.

மதியம் தனியாகச் சாப்பிட வாய்த்தால் பையிலிருந்து ஃபோட்டோ கார்டு வெளியே வரும். அதைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்த பிறகே முதல் வாய். இதற்கு 'யேஜொல் ஷாட்', அதாவது மரியாதைப் படம் என்று பெயர். நம் வீட்டில் சாமிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுவதுபோலத்தான். இந்தச் சாமிக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு.

அந்தக் கார்டு லேசில் கிடைத்ததல்ல. ஆல்பத்தைப் பிரிக்கும்வரை உள்ளே யார் கார்டு இருக்கிறது என்று தெரியாது. பி.டி.எஸ்.போல ஏழு பேர் குழு என்றால், 'தன் ஆள்' வரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நேரில் கையெழுத்து வாங்கும் கூட்டத்துக்கும் குலுக்கல். அதிக ஆல்பம் வாங்கியவருக்கு அதிக வாய்ப்பு. ஆகவே அம்மணி வீட்டில் ஒரே ஆல்பம் முப்பது இருக்கிறது. போட்டுக் கேட்க சிடி பிளேயர் இல்லை.

கச்சேரி டிக்கெட்டுக்கு நடக்கும் அடிதடிக்கு 'பிகெட்டிங்' என்று பெயர். 'பி' என்றால் ரத்தம், மிச்சம் 'டிக்கெட்டிங்'. 'தன் ஆள்' பிறந்தநாளுக்குக் காபிக் கடை பிடித்து, அவன் முகம் அச்சிட்ட உறை சுற்றிய கோப்பையில் எல்லோரும் காபி குடிப்பார்கள். பிறந்தநாள்காரன் வரமாட்டான். அவனை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று பெருமூச்சு விடும் நாற்பதைத் தாண்டிய மேலதிகாரியைக் கொஞ்சம் விசாரிக்கலாம். 1996-இல் வந்த எச்.ஓ.டி. குழுவுக்காக வெள்ளை பலூன் ஆட்டிய பள்ளிக்கூடப் பட்டாளத்தின் வயது இப்போது அதுதான். 2001-இல் கலைந்த அந்தக் குழு, 2018 அக்டோபரில் சியோலின் ஜாம்சில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் மீண்டும் மேடையேறியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம். மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸ் உண்டு.