வண்டி இன்னா ஆச்சு நைனா?

பொன்னேரில உனக்கு வேலை கெடச்சப்போ ஊர்ல ஒருத்தனும் வந்து விசாரிக்கல பேராண்டி. அந்த வேலைக்கு நீ சைக்கிள்ல போறேன்னு தெரிஞ்சதும், கோட்டைக்குப்பத்துலேர்ந்து லைட் ஹவுஸ் குப்பம் வரைக்கும் ஆளாளுக்கு வந்து துக்கம் கேட்டுட்டுப் போறான். "பெருசு, பேரன் வண்டிக்கு இன்னா ஆச்சு?" இதான் முதல் கேள்வி. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பதிலையும் அவனே சொல்லிடறான். ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போய்ட்டான்னு ஒருத்தன். குடிச்சிட்டு ஓட்டி போலீஸ்ல மாட்டிக்கினான்னு இன்னொருத்தன். சீட்டு கட்டி ஏமாந்துட்டான், துட்டுக்கு வண்டிய வித்துட்டான்னு உனக்குச் சித்தி முறையில ஒருத்தி. டீக்கடை வாத்தியார் மட்டும் கொஞ்சம் நாசூக்கு. "தம்பிக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?"ன்னு காதோட கேட்டாரு.

"வண்டி நல்லாத்தான் கீது, பையனுக்குச் சைக்கிள் புடிச்சிருக்கு, ஓட்றான்"னு உண்மையச் சொல்லியும் பாத்தேன். கேட்டவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். "சரி பெருசு, வெளிய சொல்ல முடியாததுன்னா வேணாம்"னு துண்டை உதறிட்டு எழுந்து போய்ட்டான். இந்த ஊருக்கு உண்மை ஒத்துக்காது நைனா. ஆளுக்கு ஏத்த மாதிரி நாலு பொய்யைச் சட்டைப்பையில வச்சிக்கோ.

சுகர்னு சொன்னா ரொம்ப சௌகரியம். டாக்டர் சொல்லிட்டாருன்னா ஊரு எதையும் மன்னிச்சிடும். நீ நடுரோட்டுல குட்டிக்கரணம் போட்டாலும் "பாவம், சுகரு"ன்னு வழி விட்டு நிப்பான். ஆனா உனக்குப் பொண்ணு பாக்கற நேரமாச்சே, அந்தப் பொய் இப்ப ஆகாது. அதனால கஞ்சன்னு பேர் எடுத்துடு. கஞ்சனுக்குப் பொண்ணு குடுக்க இந்தக் கரையில நான் நீன்னு வருவாங்க. "துட்டை எண்ணி வைக்கற பையன், வெளிய ஒரு டீ குடிக்க மாட்டான், பெட்ரோல் கூடப் போட மாட்டான்"னு உன் அத்தைக்காரியே நாலு ஊர்ல போய்ப் பெருமை பேசுவா. புடிச்சிருக்கு, அதனால ஓட்றேன்னு மட்டும் சொல்லி வைக்காத. புத்தி சரியில்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. அதுக்கு அப்பால மந்திரிக்கத்தான் கூட்டிட்டுப் போவாங்க.

உன்னைப் பாத்து உச்சுக் கொட்ற என் வயசுக்காரனுங்க இருக்கானுங்களே, அவனுங்க கதை எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்குச் சைக்கிளும் வாட்சும் போடலன்னா மணவறைக்கு வர மாட்டேன்னு முறுக்கிக்கினு நின்ன பசங்கதான். அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல ஆரம்பிச்சது. அங்கேர்ந்து ஒரு ஹெர்குலிஸ் குப்பத்துக்குள்ள வந்துட்டா, அதைப் பாக்கறதுக்குன்னே பொம்பளைங்க தண்ணி எடுக்கற சாக்குல ரெண்டு தடவை நடப்பாங்க. எங்களுக்கெல்லாம் வாடகை சைக்கிள்தான். மணிக்கணக்குல எடுத்து, பாருக்குக் கீழ காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டு, முட்டியப் பேத்துக்கினு, நேரம் முடியறதுக்குள்ள கடைக்காரன் கிட்ட ஓடிவந்து நிப்போம். சைக்கிளுக்கு லைசென்ஸ் பில்லை வேற உண்டு. ராத்திரில விளக்கு இல்லாம வந்தா போலீஸ்காரன் காத்தைப் புடுங்கி விட்டுடுவான். அவனே வந்து புடிக்கற அளவுக்கு அது பெரிய சாமான்! பொண்ணு பாக்கப் போறவன் பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கடன் வாங்கித் தொடைச்சி எடுத்துக்கினு போவான். இன்னிக்கு நீ சொந்தச் சைக்கிள்ல போற, அவனே உன்னை ஏழைன்றான்.

மீன் ஏவாரமும் சைக்கிள்லதான் நடந்துச்சு. மடவையும் இறாலும் கேரியர் கூடையில, மேல ஐஸ், ஹேண்டில்ல பாம் பாம்னு ஒரு ரப்பர் ஹாரன். ஐஸ் கரையறதுக்குள்ள ஊர் ஊரா மிதிச்சிட்டு வருவானுங்க. 1980-ல ஓசூர்லேர்ந்து டி.வி.எஸ். 50 வந்துச்சு பாரு, ஒவ்வொருத்தனா அதுல ஏறிட்டான். ஏறினதுக்கு அப்பால காலைக் கீழ ஊனறதே இல்ல. பக்கத்துத் தெருவுல பீடி வாங்கணும்னாலும் உதைச்சி ஸ்டார்ட் பண்றான். அவன்தான் உன்னைப் பாத்து "இந்தக் காலத்துலயா?"ன்றான்.

நான் உக்காந்து யோசிச்சுப் பாத்ததுல ஒண்ணு தெரிஞ்சுது. ஊர் பேசறது சைக்கிளைப் பத்தியே இல்ல. காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குச் சோத்து டப்பாவைக் கட்டிக்கினு சைக்கிள்ல போறவனை யாராச்சும் நிறுத்தி "வண்டி இன்னா ஆச்சு"ன்னு கேக்கறானா? கேக்க மாட்டான். அவன் அதுலதான் போகணும்னு எழுதி வச்ச மாதிரி, கண்ணுலயே பட மாட்டான். சரி, ஞாயித்துக்கிழமை விடிகாலைல மெட்ராஸ்லேர்ந்து வர்றானுங்களே, உடம்போட ஒட்டின சட்டை, தலையில தர்பூசணித் தோல் கவுத்த மாதிரி ஒரு தொப்பி, அவனுங்களைக் கேக்கறானா? ஐயோ! அந்தச் சைக்கிள் வெலை உன் நாலு மாசச் சம்பளம். பூநாரை பாத்துட்டு, கோட்டை எங்கன்னு விசாரிச்சிட்டு, நண்டு வறுவல் தின்னுட்டுப் போவான். நம்மாளுங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. அவ்ளோ தூரம் மிதிச்சி வந்தாரே, எவ்ளோ பெரிய மனசுன்றாங்க. நீயும் அவனும் ஒரே பெடலைத்தான மிதிக்கறீங்க? அவன் வீட்ல கார் நிக்குது. கார் இருந்தும் மிதிச்சா ஆரோக்கியம், இல்லாம மிதிச்சா தலையெழுத்து. நீ இஸ்திரி போட்ட பேண்ட்டும் ஷூவும் மாட்டிக்கினு மிதிக்கற. உன்னை எந்தக் கணக்குல எழுதறதுன்னு ஊருக்கு விளங்கல. அந்தக் கொடைச்சல்தான் இம்மாங் கேள்வி.

வேலை செய்யற எடத்துலயும் அதே கூத்துதான்னு சொன்னியே. வாட்ச்மேன் உன்னை மோட்டார் சைக்கிள் வரிசையில விடாம ஜெனரேட்டருக்குப் பின்னால தள்ளச் சொல்றான். அவன் சைக்கிள் எங்க நிக்குதுன்னு போய்ப் பாரு. அதுவும் அங்கதான் நிக்கும். அவன் உன்னைத் திட்டல நைனா, உன் சைக்கிளுக்குத் துணை தேடறான்.

வர்ற வழியில "ஏறிக்கோ, விட்டுடறேன்"னு வண்டிய நிறுத்தறவங்களை மட்டும் கோச்சிக்காத. நெசமாவே நல்ல மனசு. சைக்கிளை இன்னா பண்றதுன்னு மட்டும் யோசிக்க மாட்டாங்க.

சைக்கிள்ல போனா கௌரவம் கொறையுமா இன்னா? நம்ம ஊரு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய் வெள்ளைக்காரங்களுக்கு வாசல்ல இருக்கற எலும்புக்கூட்டுச் சிலையைக் காட்டிட்டு வந்தவன்தான நான்? 1613-ல இங்க கெல்ட்ரியா கோட்டையக் கட்டிக்கினு, துணிக்காக நம்ம கரையோரமா கப்பலை நிறுத்தினவனுங்க அந்த டச்சுக்காரனுங்க. அவனுங்க நாட்டுல இப்போ ஆளை விட சைக்கிள் அதிகம். மார்க் ரூட்டேன்னு ஒருத்தர், 2010-லேர்ந்து 2024 வரைக்கும் அங்க பிரதமரு. ராஜாவைப் பாக்க அரண்மனைக்கே சைக்கிள்ல போய், ஓரமா நிறுத்திப் பூட்டிட்டு உள்ள போனாரு. நம்ம ஊருக்கு வந்திருந்தா "கட்சியில எதுனா பிரச்சனையா தலைவரே?"ன்னு கேட்டிருப்போம். அந்த நாட்டுலயும் ஒரு காலத்துல கார்தான் கௌரவம்னு திரிஞ்சானுங்க. 1971-ல மட்டும் ரோட்டுல 3000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400 பேருக்கு மேல கொழந்தைங்க. பெத்தவங்க தெருவுல எறங்கி மறிச்சாங்க. அப்பாலதான் சைக்கிளுக்குன்னு தனிப் பாதை மும்முரமா போட ஆரம்பிச்சாங்க. கோட்டையை இங்க விட்டுட்டுப் போனானுங்க, பாதையையும் போட்டுட்டுப் போயிருக்கலாம்.

அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடற அன்னிக்கு நம்மளைக் கடலுக்குப் போகாதேன்னு கரையில உக்கார வச்சிடறாங்க, நாமளும் அண்ணாந்து பாத்துக் கை தட்றோம். அந்த ராக்கெட் ஆபீஸோட ஆதிக்கதை தெரியுமா? கேரளாவுல தும்பான்னு நம்மளை மாதிரியே ஒரு மீன்புடி ஊரு. மாதா கோயிலையே ஆபீஸாக்கி, 1963 நவம்பர் 21-ல முதல் ராக்கெட் விட்டாங்க. அந்தக் காலத்துல ராக்கெட்டோட மூக்குப் பாகத்தைச் சைக்கிள் கேரியர்ல வச்சித் தள்ளிக்கினு போற போட்டோ இன்னிக்கும் இருக்கு. வானத்துக்குப் போறதே கேரியர்ல போச்சு, பொன்னேரிக்குப் போறவன் வெக்கப்படணுமா? தும்பா டீக்கடையிலயும் எவனாச்சும் நிறுத்தி "வண்டி இன்னா ஆச்சு?"ன்னு கேட்டிருப்பான், அது வேற.

உனக்கு வர்ற பேச்சு ஒண்ணும் பெருசில்ல. பொம்பளைப் புள்ளைங்க வாங்கினது தெரியுமா? 1990களோட ஆரம்பத்துல புதுக்கோட்டை ஜில்லாவுல ஷீலா ராணி சுங்கத்னு ஒரு அம்மா கலெக்டர். அறிவொளி இயக்கத்துல எழுத்துச் சொல்லிக் குடுக்கறப்போ சைக்கிளும் சேத்துச் சொல்லிக் குடுத்தாங்க. கல் ஒடைக்கற பொம்பளைங்க, நர்சுங்க, டீச்சருங்க, ஆயிரக்கணக்குல மிதிக்கக் கத்துக்கினாங்க. ஆம்பளைங்க வாயில வந்ததெல்லாம் இங்க சொல்ல முடியாது. அவங்க கேக்காத மாதிரி மணியடிச்சிட்டுப் போய்ட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கெடைக்காம ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. முன்னால பார் இருந்தா கொழந்தைய உக்கார வச்சிக்கலாமே! இப்போ பதினொண்ணாவது படிக்கற புள்ளைங்களுக்குச் சர்க்காரே குடுக்குது. 2001-ல ஆதிதிராவிட, பழங்குடிப் பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்சி, அப்பால எல்லாருக்கும் ஆச்சு. உன் தங்கச்சிக்கு வந்ததுல பாதி நாள் உங்கப்பன்தான வலைய வச்சிக்கினு ஏரிக்கரைக்குப் போறான்? அவளைப் பாத்து யாரும் வண்டி இன்னா ஆச்சுன்னு கேக்கறதில்ல. பொண்ணு சைக்கிள்ல போனா எங்க போறா, யார் கூடப் போறான்னுதான் கேப்பாங்க. அவ உன்னை விடக் கெட்டி. நின்னு பதில் சொல்றதே இல்ல.

ஊரைத் திட்டினது போதும், காத்தைப் பத்திச் சொல்லணும். நம்ம தாத்தன் பாட்டன் பாய்மரத்துல போனப்போ விடிகாலைல தரைக்காத்து மேற்கேர்ந்து தள்ளிக்கினு போய்க் கடல்ல விடும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து கெழக்கேர்ந்து தள்ளிக் கொண்டாந்து வீட்ல விடும். போறப்பவும் தள்ளும், வர்றப்பவும் தள்ளும். நீ இன்னா பண்ற? காலைல மேற்கால பொன்னேரிக்கு, சாயங்காலம் கெழக்கால வீட்டுக்கு. போறப்பவும் மூஞ்சில அடிக்கும், வர்றப்பவும் மூஞ்சில அடிக்கும். கடலுக்குப் போறவன் வம்சத்துல பொறந்து கரைப்பக்கம் வேலை தேடினா காத்து சும்மா விடுமா? 20 கிலோமீட்டரை ஒட்டி வருது ஒரு நடைக்கு. தலையைத் தாழ்த்தி மிதி, நிமுந்து மார்பைக் காட்டாத. பனைமரம் ரெண்டு பக்கமும் இருக்கற எடத்துல கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ.

ஏரியில இறாலுக்கு வலை போட நமக்குப் பாடு இருக்குது. எந்த நாள், யாரு, எந்த எடம்னு முறை. ஆண்டிக்குப்பமும் நடுக்குப்பமும் கோட்டைக்குப்பமும் தலைமுறையா அதுலதான் அடிச்சிக்காம இருக்கோம். திருப்பாலைவனம் ரோட்டுல பாடு கிடையாது நைனா. எது பெருசோ அதுக்குத்தான் முறை. லாரி ஹாரன் அடிச்சா உனக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்வின்னு நெனைக்காத, மண்ணுல எறங்கிடு. மார்கழிப் பனியில பின்னால சிவப்பு விளக்கு எரியணும். டீக்கடைக்காரன் கண்ணுல நீ நல்லாவே தெரியற, லாரிக்காரன் கண்ணுல தெரியறியான்னு பாரு. உப்புக்காத்து செயினையும் ரிம்மையும் அரிச்சிடும். சனிக்கிழமை ராத்திரி நல்ல தண்ணியில கழுவி, தொடைச்சி, எண்ணெய் விடு. ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்காரனுங்களோட சேந்து சுத்தாத, பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா செலவாளின்னு நெனச்சிக்குவாங்க.

ஆமா, வர்றப்போ கேரியர் காலியாத்தான வருது? நாளைக்குப் பொன்னேரில எனக்கு ஒரு கவுளி வெத்தலை, கால் கிலோ கொட்டப்பாக்கு. ஆயாவுக்கு அந்த மூட்டுவலி எண்ணெய், சீட்டு அவ முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கா. பக்கத்து வீட்ல மாட்டுக்கு அரை மூட்டை தவிடு கேட்டாங்க, நான் ஆகட்டும்னு சொல்லிட்டேன். மெதுவா வா, அவசரமில்ல.