கச்சேரி முடிந்ததும் தொடங்குகிறவர்

டிசம்பரில் சென்னையில் கச்சேரிக்குப் போகிற ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவர் இருப்பார். ராகம் கண்டுபிடிக்கிறவர் வேறு. தப்புத் தாளம் போட்டுப் பக்கத்து இருக்கைக்காரரைக் குழப்புகிறவர் வேறு. இவர் அந்த வேலைகளில் தலையிடுவதில்லை. கச்சேரி முடிந்ததும் எல்லோரும் எங்கே போய் ஒரு வாய் காபி குடிப்பது என்று தீர்மானிப்பதுதான் இவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை. அதனால் யாராலும் பறிக்கவும் முடியாது.

வயது அறுபத்தைந்து இருக்கும். வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்து ரிடையர் ஆனவர். கோஷ்டியில் பாதிப் பேருக்கு மாமா என்பதால் நாமும் மாமா என்றே வைத்துக்கொள்வோம்.

மாமாவின் பணி தனி ஆவர்த்தனத்தில் ஆரம்பிக்கிறது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பார். கட்டைவிரலை வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்துவார். அப்புறம் எங்கே என்று அர்த்தம். பின்னால் இருக்கும் மச்சினர் கையை விரிப்பார். மோரா வைத்து முடித்ததும் அரங்கம் கைதட்டும். மாமாவும் பலமாகவே தட்டுவார். எந்தத் தாளத்தில் வாசித்தார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. மங்களம் பாடும்போது கை கூப்பியிருக்கும், ஒரு கால் ஏற்கெனவே நடைபாதையில் இருக்கும்.

மியூசிக் அகாதெமி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் பிறந்தது அகாதெமி. அந்த அகாதெமியின் வாசலில் இரவு ஒன்பதரை வாக்கில் மாமாவும் மாநாடு கூட்டுகிறார். பலன் எதுவும் பிறப்பதில்லை.

முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "டிரைவ்-இன் இருந்தா எவ்வளவு சௌகரியம்!"

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்ததும், மர நிழலில் காரை நிறுத்தினால் காருக்கே காபி வந்ததும் உண்மைதான். 2008-இல் அதை மூடினார்கள். 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. அந்தப் பூங்காவுக்குப் பேத்தியை அழைத்துப் போய்ச் செடிகளின் பெயர்ப் பலகைகளை எல்லாம் படித்துக் காட்டியவர். ஆனாலும் நாம் எந்த இடத்தைச் சொன்னாலும் அதை டிரைவ்-இன்னோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி செய்வார். மூடிவிட்ட ஹோட்டலில் காபி ஆறுவதில்லை, கூட்டம் சேர்வதில்லை, சிக்கரி கூடுவதில்லை. அதோடு போட்டி போட்டு இருக்கிற ஹோட்டல் எதுவும் ஜெயிக்க முடியாது.

"சபா கேன்டீன்லயே குடிச்சுட்டுப் போயிடலாமே" என்பார் மச்சினர். நியாயமான யோசனை. பாட்டுக் கேட்காமல் கேன்டீனுக்கு மட்டுமே வந்து போகிற ரசிகர்கள் இந்த ஊரில் உண்டு. மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். "இங்கே குடிக்கறதா இருந்தா முன்னாடியே குடிச்சிருக்கலாமே?" முன்னாடியும் குடித்தார்தான். ஆறு மணிக்கு ஒன்று, அது சரியில்லை என்று உடனே இன்னொன்று.

மயிலாப்பூர் ராயர் கஃபே என்று மாமி ஆரம்பிப்பார். அது ராத்திரிக் கடையே இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே என்றதும் சாம்பாரில் முழுகிய இட்லியை நினைத்து எல்லோர் முகமும் மலரும். "திருவல்லிக்கேணியில காரை எங்கே விடறது?" என்று ஒரே கேள்வியில் மலர்ந்த முகங்களை வாட வைப்பார். ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் போகலாம் என்றால் மெட்ரோ ரயில் வேலை. எந்தத் தகரத் தடுப்பு எந்த வாரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. இவ்வளவு ஞாபகத்தில் கால்வாசி ராகங்களுக்குப் போயிருந்தால் இன்று விமர்சகராக இருந்திருப்பார்.

இதற்கு நடுவில் நியூஜெர்சியிலிருந்து சீசனுக்கு வந்திருக்கும் தங்கை மாப்பிள்ளை, ஊர் வழக்கம் மறந்துபோய், "எங்கேயாவது ட்ரிங்க்ஸ் போலாமா மாமா?" என்று கேட்டுவிடுவார்.

"பேஷா போலாம்! உங்களுக்கு என்ன, பாதாம் பாலா, சுக்குக் காபியா?"

மாப்பிள்ளையைத் தனியே தள்ளிக்கொண்டு போய் மாமாவின் பையன் காதோடு விளக்குவான். சில்லறை மது விற்பனை 2003 முதல் முழுக்க அரசாங்கத்தின் கையில். டாஸ்மாக் கடையைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். மற்றபடி ஹோட்டல் பார் இருக்கிறது, கிளப் இருக்கிறது. "வேட்டியோட உள்ளே விடுவாங்களா?" என்று மாப்பிள்ளை கேட்பார். விட்டாக வேண்டும். வேட்டி கட்டிய ஒரு நீதிபதியைக் கிரிக்கெட் கிளப் ஒன்றில் தடுத்துப் பெரிய ரகளையாகி, வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டமே போட்டாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் வேட்டிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மாமியாரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மாப்பிள்ளை பாதாம் பாலுக்குச் சம்மதிக்கிறார்.

கோஷ்டியில் ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு எட்டு மணிக்கு மேல் காபி குடித்தால் தூக்கம் வராது, வெறும் பால் போதும். பெரிய மாமிக்கு மறுநாள் வைகுண்ட ஏகாதசி. விடியற்காலையில் சொர்க்கவாசலுக்குப் போக வேண்டும், இவர்களோ கச்சேரி வாசலையே விட்டு நகர்ந்தபாடில்லை. தோளில் ஒரு குழந்தை தூங்குகிறது. ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போக இவ்வளவு காரணங்கள் இருந்தும் யாரும் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் மாமாதான். இதை அவர் பெயரில் வரவு வைத்தே தீர வேண்டும். அவர் இல்லாவிட்டால் "பிரமாதம்", "சுமார்" என்ற இரண்டு சொல்லோடு ஆட்டோ ஏறியிருப்பார்கள். அவர் இருப்பதால் முக்கால் மணி நேரம் ஒன்றாக நிற்கிறார்கள். அந்த முக்கால் மணியில் கச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா என்றால், அதுதான் இல்லை.

கடைசியில் முடிவை எடுப்பது மாமா இல்லை, வாட்ச்மேன். "சார், கேட்டை மூடணும்" என்கிறார். உடனே மாமா சுறுசுறுப்பாகி, வழக்கமாகப் போகிற ஹோட்டலின் பெயரை அறிவித்து, "நீங்க முன்னாடி போயிண்டே இருங்கோ" என்று இரண்டு காரையும் கிளப்புகிறார். எந்தக் கிளை என்று சொல்லவில்லை. ஒரு கார் ஒரு கிளைக்கும் இன்னொன்று வேறொரு கிளைக்கும் போய்ச் சேர்கின்றன. தொலைபேசியில் இரு தரப்பும், தாங்கள் வந்ததுதான் சரியான கிளை என்று வாதாடுகின்றன.

மாமா போய்ச் சேர்ந்த கிளையில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கிறது. நாற்காலிகளைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருக்கும் சர்வர் நல்ல மனிதர். "கிச்சன் க்ளோஸ் பண்ணியாச்சு சார். காபி மட்டும்தான் இருக்கு" என்கிறார்.

கேட்டுக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனத்தில் தொடங்கி இந்த நிமிஷம் வரை இவர்கள் தேடி அலைந்தது அந்தக் காபியைத்தான். மாமா முகம் சுருங்குகிறது. "காபி மட்டும்தானா? ஒரு ரவா தோசைகூடக் கிடைக்காதா?" என்கிறார். இல்லை என்றதும், "டிபன் இல்லாத இடத்துல காபி எப்படி நன்னா இருக்கும்?" என்று கோஷ்டியைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். மாமி மட்டும் ஷட்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மறுநாள் நாரத கான சபாவில் கச்சேரி முடிந்ததும் எங்கே போவது என்ற விவாதம் நடக்கிறது. டிரைவ்-இன் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று மாமா ஒரு முறை பெருமூச்சு விடுகிறார். கார் ஓட்டுகிற டிரைவர் பையன் வாய் திறக்கவில்லை. எட்டரை மணிக்கே, உள்ளே மெயின் உருப்படி போய்க்கொண்டிருந்தபோது, மற்ற டிரைவர்களோடு தெருமுனை டீக்கடைக்கு நடந்துபோய் ஒரு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் சாப்பிட்டு வந்துவிட்டான். எங்கே போகலாம் என்று அவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.