பீரோவில் ஒரு வெப்லி

காஞ்சிபுரம் பக்கத்தில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பட்டுப்புடவை இருக்கும். ஏரிக்குப் பேர்போன தென்னேரியில் ஒரு பெரியவர் வீட்டில் அந்தப் புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்டலும் இருக்கிறது. வெப்லி அண்டு ஸ்காட், .32, பர்மிங்காம் சரக்கு. தாத்தா வாங்கியது. லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறி, பிறகு இவர் பெயருக்கு வந்தது. இத்தனை காலத்தில் அது யாரையும் சுட்டதில்லை. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சுண்டல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்காரும். தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டு எண்ணி முடித்ததும் திரும்பி வரும். அதன் உலக அனுபவம் அவ்வளவுதான்.

சிக்கலைக் கொண்டுவந்தது ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி வேலையில் இருக்கும் அக்கா மகன்.

“என்ன மாமா, இதை இப்படியே போட்டு வெச்சிருக்கீங்க! நிக்கல் முலாம் பூசி, தேக்குல கைப்பிடி போட்டு, குறிமுள்ளை மாத்தினா கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிடும்” என்று செல்போனை நீட்டினான். அதில் ஓர் அமெரிக்கர் தன் பழைய கோல்ட் பிஸ்டலைப் பிரித்துப் போட்டு மெருகேற்றிக்கொண்டிருந்தார்.

அமெரிக்கர் செய்வதற்கு ஒரு நியாயம் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கோல்ட்டை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. சோதனையில் 6,000 தோட்டாக்களை ஒரு தடவைகூடச் சிக்காமல் சுட்ட வீரன் அது. ஆனால் குறிமுள் பொடிசு. சுடும்போது பின்னால் வரும் சுத்தியல், கட்டைவிரல் இடுக்கில் கடிக்கும். 1920களில் ராணுவமே சில இடங்களைத் திருத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாக வந்தவற்றை ஊரூராகக் கைவினைஞர்கள் அறுத்தார்கள், ராவினார்கள். இன்று, கை படாத பழையதற்குத்தான் அங்கே விலை அதிகம்.

அதே 1911-ல்தான் லண்டன் போலீஸ் வெப்லியின் .32-ஐ எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். இதைக் கேள்விப்பட்டதும் மருமகனுக்கு வேகம் கூடிவிட்டது. தாத்தாவின் பிஸ்டலுக்கும் ஏதாவது சரித்திரம் இருக்குமோ என்று கேட்டான். சுண்டல்தான் சரித்திரம்.

பெரியவர் பிஸ்டலைக் கையில் எடுத்துப் பார்த்தார். கைப்பிடியின் கறுப்பு வல்கனைட் தகடு திருகாணி பக்கத்தில் கீறல் விட்டிருந்தது. குழலுக்கும் கைப்பிடிக்கும் ஏறக்குறைய செங்கோணம். இயல்பாக நீட்டினால் முனை தரையைப் பார்க்கிறது. தேக்கு போட்டாலும் தந்தம் போட்டாலும் அந்தக் கோணம் மாறாது.

பிறகு சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவே பார்ப்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். பைக் சைலன்சருக்கு முலாம் போடும் கடையில் கொடுத்தால், கடைக்காரரும் சேர்ந்து கம்பி எண்ணலாம். முலாம் பிடிக்க முதலில் பரபரவென்று தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் பிஸ்டலின் எண் மழுங்கிவிட்டால் போச்சு. எண்ணை அழிப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம். அழிந்த எண்ணோடு பிஸ்டல் யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘பாலிஷ் போட்டேன் சார்’ என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ள வேண்டியது அவர் பாடு. பளபளப்புக்காக இவ்வளவு ரிஸ்க் எடுப்பவரை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அத்தை வாயைத் திறந்தாள். “என் கூறைப் புடவையில கோர்வையைப் பிரிச்சுட்டு புது பார்டர் வெச்சுத் தைப்பியாடா?” மருமகன் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அத்தை சொன்னதில் பாதிதான் சரி என்பேன். ரைஃபிள் கிளப்பில் வாரா வாரம் சுடுகிறவர், லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுத்துத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை. கருவி உழைக்கிறது, அதற்குச் செலவு செய்யலாம். பீரோவில் தூங்குகிற பிஸ்டலுக்கு அலங்காரம் வீண் செலவு. தென்னேரிப் பெரியவரும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்: தளர்ந்த ஸ்பிரிங்கை மட்டும் சென்னையில் ஒரு டீலரிடம் மாற்றுவது, கீறிய தகட்டைத் தொடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தா விட்டுப்போன பிஸ்டல் இருந்தால், முலாமுக்கு விலை விசாரிக்கும் முன் லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கென்றே தனி வழி இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.