நோட்டீஸ் கொடுக்கும் சார்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு 'போர்ட்' சார் இருந்தே தீருவார். எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பில் அவர் இரண்டாம் மாடி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் செல்போன் கம்பெனியை விட்டு விலகப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர உத்தியோகம்.

லிஃப்டில் எதிர்ப்பட்டால் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "இந்த மாசத்தோட அவன் கணக்கை முடிச்சிடறேன் சார்" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்து 'உச்' கொட்டுவார்கள். விஷயம் என்னவென்றால், குளியலறையில் டவர் கிடைக்கவில்லை. அல்லது கேட்காமலேயே காலர் டியூன் வைத்துக் காசு பிடித்துவிட்டார்கள். எதுவும் இல்லாத மாதத்தில் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கவே இருக்கிறது. "அது அரசாங்கத்துக்குப் போறது சார், கம்பெனி என்ன செய்யும்?" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சரி சார், அரசாங்கத்தை எந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பிப் போர்ட் பண்றது, சொல்லுங்க" என்றார்.

மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 15 எப்படியோ, அவருக்கு 2011 ஜனவரி 20 அப்படி. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்த நாள் அது. அதற்கு முன்பு கம்பெனியை விட்டு விலகினால் எண்ணும் போய்விடும். சொந்தபந்தம், பேங்க், பால்காரர் வரைக்கும் புது எண்ணைச் சொல்லி மாளாது. இது கம்பெனிக்காரனுக்கும் தெரியும் என்பதால், 'விலகிடுவேன்' என்று அவர் போட்ட சத்தத்தை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஜனவரி 20-க்குப் பிறகு சத்தத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. 'PORT' என்று அடித்து, இடைவெளி விட்டு, தன் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு கோடு வரும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனியின் கடைக்குப் போக வேண்டியதுதான்.

போர்ட் சார் கோடு வாங்குவார். கடைக்கு மட்டும் போக மாட்டார். டைரியில் தேதி போட்டு வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அத்தனையும் காலாவதியான கோடுகள். 2019 டிசம்பர் 16-இல் விதியைத் திருத்தியபோது, பதினைந்து நாள் செல்லுபடியான கோட்டை நான்கு நாளாகக் குறைத்துவிட்டார்கள். சீக்கிரம் மாறிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். சாருக்கு அதில் இன்றைக்கும் வருத்தம். "பதினஞ்சு நாள்னா அவனுக்கு யோசிக்க டைம் இருக்கும். நாலு நாள்ல எவன் சார் பயப்படுவான்?"

பாக்கி வைத்திருந்தால் போஸ்ட்பெய்டுகாரர்களுக்குக் கோடு வராது. அதனாலேயே கெடு தேதிக்கு முன்பாகவே பில்லைக் கட்டிவிடுவார். கம்பெனியை இவ்வளவு திட்டிக்கொண்டு இவ்வளவு ஒழுங்காகப் பணம் கட்டுகிற இன்னொரு வாடிக்கையாளர் அவர்களுக்கு இருப்பாரா என்பது சந்தேகம்.

கோடு வாங்கிய மறுநாள் அவர் வீட்டில் விசேஷக் களை இருக்கும். போனை ஹால் மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காதவர்போல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கல்யாணத்தில் காசி யாத்திரை பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் கிளம்புவார், ஆனால் பெண்வீட்டார் வந்து கெஞ்சுகிற தூரத்தைத் தாண்ட மாட்டார். சாரும் அந்தத் தூரத்தில்தான் நிற்கிறார். போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போடுவார், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"சார், நீங்க எங்களோட மதிப்புமிக்க வாடிக்கையாளர். எதனால விலகணும்னு நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும். பத்திர ஆபீஸில் எத்தனையோ வருஷம் இருந்தார். ஓய்வு பெறுகிற அன்று மாலையும் சால்வையும் போட்டார்களே தவிர, ஏன் சார் போகிறீர்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. இந்தப் பெண் கேட்கிறாள். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குளியலறை டவரிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் மாதம் பத்து ஜிபி டேட்டா கூடுதலாகத் தருவதாகச் சொல்லுவாள். அவர் மாதம் ஒரு ஜிபிகூடத் தொடுவதில்லை. ஆனாலும் வெற்றி வெற்றிதான்.

ஒருமுறை எழுத்துமூலமாகவே நோட்டீஸ் கொடுப்பதென்று முடிவு செய்தார். சாட்சிக்கு என்னையும் ஷோரூமுக்கு அழைத்துப் போனார். வெள்ளைத்தாளில் அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி. 'பொருள்: கைப்பேசி இணைப்பு – துண்டித்தல் – முன்னறிவிப்பு அளித்தல் – தொடர்பாக.' அதன் கீழே பார்வை ஒன்று, பார்வை இரண்டு. டி-சர்ட் போட்டிருந்த பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், போர்ட் பண்ணணும்னா மெசேஜ் போட்டாலே போதும். லெட்டர் வேணாம்."

"மெசேஜ் எல்லாம் முறை இல்லம்மா. ஒரிஜினலை நீ வெச்சுக்க. காப்பில சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடு."

"சீல் எல்லாம் இங்க இல்லியே சார்."

சார் என்னைப் பார்த்தார். சீல் இல்லாமல் ஒரு ஆபீஸ் நடக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "ரவுண்டு சீல் வேணாம். தேதி சீலாவது இருக்குமே?"

"அதுவும் இல்ல சார். உங்க நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னா கம்ப்ளெயின்ட் பதிவாயிடும்."

ஓடிபி வரவில்லை. கடைக்குள் அந்தக் கம்பெனிக்கே டவர் இல்லை. சார் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடுரோடு வரை போய் ஓடிபி வாங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! இதைவிடப் பெரிய சாட்சியம் எந்த வழக்கில் கிடைக்கும்? அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "ஏன் சார் போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். போச்சு. வெளியே வந்தபோது அவர் கையில் புது பிளான் இருந்தது, மாதம் நூறு ரூபாய் அதிகம். "பார்த்தீங்களா, வழிக்கு வந்துட்டான்" என்றார்.

இதற்காக அவர் கம்பெனியே மாறாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை மாறியிருக்கிறார். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனுப் போட்டபோது, கோடு கேட்டு மெசேஜ் அனுப்பவே டவர் இல்லாமல் தமிழ்நாட்டில் சனம் கடை கடையாக அலைந்தது. அந்தக் கூட்டத்தில் சாரும் நின்றார். எண்ணைப் பற்றிய கவலையைவிட அவருக்கு வேறொரு ஆற்றாமை இருந்தது. அத்தனை வருஷம் போகிறேன் போகிறேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்க, கம்பெனி முந்திக்கொண்டுவிட்டது. "ஒரு நோட்டீஸ் கொடுத்தானா சார்?" என்று இன்றும் கேட்பார்.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றியபோது குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, எல்லோரும் பிஎஸ்என்எல்லுக்குப் போய்விடுவோம் என்று முழங்கினார். நல்ல பேச்சு. அதைக் கேட்டு வாட்ச்மேன் போனார், இஸ்திரிக்காரர் போனார், மூன்றாம் மாடியில் இரண்டு குடும்பம் போனது. பேசியவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

உண்மையில் போகிறவர்களுக்குப் பேச்சு இருப்பதில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி குளியலறைப் பக்கத்திலிருந்து யாருடனோ போனில் தெளிவாகப் பேசிக்கொண்டு வந்தார். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க எப்படி உனக்கு டவர் கிடைக்குது?"

"நான்தான் மாறிட்டேனே. ரெண்டு மாசம் ஆச்சு. தங்கச்சி பொண்ணு வந்திருந்தப்போ மாத்திக் கொடுத்துட்டுப் போனா."

சாருக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன் போறீங்கன்னு அவன் போன் பண்ணிக் கேட்கலையா?"

"கேட்டாங்க. குக்கர் விசில் அடிச்சுது, கட் பண்ணிட்டேன்."