பன்னெண்டு லட்சமும் ஒரு பழைய குலுக்கையும்

எய்யா, இப்படி வந்து உக்காரு. சட்டையில கரிசல் ஒட்டிக்கிடும்னு யோசிக்காதே. உங்க அப்பன் புரண்டு வளந்த மண்ணுதான். சம்பளம் பன்னெண்டு லட்சம்னு சொல்லிட்டு, தாத்தா மயங்கி விழுவான்னு என் மூஞ்சியவே பாக்கியே, அது எதுக்கு? எனக்கு மயக்கம் வாரது சுகர் இறங்கினாத்தான்.

அது என்னய்யா வருசக் கணக்கு? வாடகையை வருசத்துக்கு ஒருக்காவா குடுக்கே? பால்காரன் வருசத்துக்கு ஒருக்காவா வாரான்? மாசாமாசம் துட்டு வாங்குத நீ வருசக் கணக்குச் சொல்லுதே. வருசத்துக்கு ஒரு வெள்ளாமை எடுக்குத நாங்க அன்னன்னைக்குக் கணக்குப் பாக்கோம். உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு சொல்லி வச்சதெல்லாம் உனக்கு எதுக்கு? நீதான் லேப்டாப்புல உழுதியே.

சரி, அந்த வேலைக் கடுதாசியை உன் அத்தை மவன் எனக்கு வாசிச்சுக் காட்டினான். அதுல உள்ள சூட்சுமத்தை நீயே கவனிச்சியோ என்னவோ. பன்னெண்டு லட்சத்தைப் பன்னெண்டால வகுத்தா மாசம் ஒரு லட்சம். பெறவு பேங்குல ஏன் 75,000 சொச்சம் ஏறுது?

கேளு. உன் அடிப்படைச் சம்பளம் 50,000. அதுல நூத்துக்குப் பன்னெண்டு, அதாவது 6,000 ரூவா, கம்பெனி உம் பேருல பி.எஃப். போடுது. அதையும் உன் சம்பளத்துலயே சேத்து எழுதிட்டாக. உன் பங்கு இன்னொரு 6,000-த்தைப் பிடிச்சுக்கிடுதாக. கிராஜுவிட்டின்னு மாசம் 2,400 கிட்ட ஒரு கணக்கு எழுதியிருக்கு. அஞ்சு வருசம் அங்கனயே கெடந்தாத்தான் அது கைக்கு வரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கம்பெனி மாத்துத உனக்கு அது ஏட்டுச் சுரைக்காய். அப்புறம் வேரியபிளாம், மாசம் 10,000. மேனேசர் மனசு குளுந்தா வரும். குளுரலேன்னா அடுத்த வருசம் பாப்போம்பாக. நல்லவேளை, 2025 பட்ஜெட்டுல புது முறையில சம்பளக்காரனுக்கு 12,75,000 வரைக்கும் வருமான வரி கெடையாதுன்னுட்டாக. இல்லேன்னா அதுலயும் ஒரு கடி கடிச்சிருப்பாக.

பி.எஃப். துட்டை மட்டும் நான் குத்தம் சொல்லமாட்டேன். உன் கைக்கு எட்டாத எடத்துல கெடக்கு பாரு, அதனாலதான் அது பொழைச்சுக் கெடக்கு.

ஆனாலும் உங்க ஆளுகளுக்கு மூணு சம்பளம் இருக்கு. டீக்கடையில சொல்லுதது ஒண்ணு. பொண்ணு வீட்டுல சொல்லுதது ஒண்ணு. கைமாத்து கேட்டு வந்த சேக்காளிகிட்டச் சொல்லுதது ஒண்ணு. மூணாவதுதான் கொஞ்சம் நெசத்துக்குப் பக்கத்துல இருக்கும்.

தொழுவு மூலையில ஒரு மண் குலுக்கை சாஞ்சு கெடக்கே, பாத்திருக்கியா? நீ அதுமேல ஏறி நின்னு போட்டோ எடுத்திருப்பே. உன் பாட்டி களிமண்ணையும் வைக்கோலையும் மிதிச்சுக் குழைச்சு, உறை உறையா அடுக்கிச் செஞ்சது. மேல வாய் பெருசு. கம்பும் சோளமும் கொட்டுத எடம். அடியில கை நொழையுத அளவுக்கு ஒரு ஓட்டை, பழந்துணியைச் சுருட்டி அடைச்சிருப்பா. தவசம் எடுக்கணும்னா துணியை உருவுவா. மொறத்துல விழுததை அளப்பா. சட்டுனு திருப்பி அடைச்சிருவா. அடைச்சுட்டு, விரலை மடக்கிப் பக்கவாட்டுல ரெண்டு தட்டு. அந்தச் சத்தத்தை வச்சே, 'தைக்குத் தாங்கும்', 'மார்கழியிலயே முடிஞ்சிரும்'னு சொல்லிருவா. விதைத் தவசம் மட்டும் தனிப் பானையில, சாம்பலும் வேப்பெலையும் போட்டு மச்சுல இருக்கும். வீட்டுல அடுப்பு எரியாத நாள்லயும் அந்தப் பானைப் பக்கம் யாரும் போகமாட்டோம்.

உன் சம்பளமும் அந்தக் குலுக்கைதான் பேராண்டி. மேல்வாயை அளந்து ஊரெல்லாம் தமுக்கடிக்கே. அடியில எத்தனை ஓட்டைன்னு என்னைக்காவது குனிஞ்சு பாத்தியா?

மொத ஓட்டை வீடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி தெரியும், இந்தப் பக்கம் உன் ஆபீஸு தெரியும்னு பதினோராவது மாடியில ஒண்ணு பேசி வச்சிருக்கியாமே. அம்பது லட்சம் கடன், எட்டரை வட்டி, இருவது வருசம். அத்தை மவனைப் போன்ல கணக்குப் போடச் சொன்னேன். மாசத்துக்கு 43,391 ரூவாயாம். கட்டி முடிக்கையில மொத்தம் ஒரு கோடியே நாலு லட்சம். ஒரு வீடு உனக்கு, இன்னொரு வீடு பேங்குக்கு. நம்ம ஊர்ல இவ்வளவு தர்மம் பண்ணினவனுக்குக் கோயில்ல பரிவட்டம் கட்டுவாக.

நூறு நாள் வேலைக்குப் போவாளே உங்க மேலத்தெரு பெரியாத்தா, அவளுக்கு 2025-ல ஒரு நாள் கூலி 336 ரூவா. நூறு நாளும் தப்பாமக் கெடைச்சா 33,600. அவ வருசமெல்லாம் மண்ணு சொமந்தது உன் ஒரு மாசத் தவணைக்குப் பத்தாது. அவளைப் பாத்து நீ பரிதாபப்படுதே. அவ யாருக்கும் காலணா பாக்கி இல்ல பாத்துக்க.

வீடாவது பரவாயில்ல, நிக்குத பொருளு. அந்தப் பளபளன்னு ஒரு அட்டை வச்சிருக்கியே, அதைச் சொல்லு. இங்க யாராவது ரெண்டு வட்டிக்கு மேல கேட்டா ஊரே காறித் துப்பும். அநியாய வட்டி வாங்கக் கூடாதுன்னு 2003-ல சர்க்கார் தனியா ஒரு சட்டமே போட்டுச்சு. உன் அட்டையில பாக்கி வச்சா மாசத்துக்கு மூணரை வட்டி, அதுக்கு மேலயும் உண்டு. வட்டிமேல நூத்துக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. வேற. பேங்கு ஏசி ரூம்ல உக்காந்து கேக்குது, கோடு போட்ட சட்டைக்காரன் சிரிச்சுக்கிட்டே கேக்கான். அதனால அது கந்துவட்டி இல்ல, லைஃப் ஸ்டைலு. அப்படித்தானே?

சின்னச் சின்ன ஓட்டைகளை எண்ண எனக்குப் பொறுமை இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. சென்னையில ஒரு கடையில கம்மஞ்சோத்தைக் கிண்ணத்துல வச்சு, மேல ரெண்டு மாதுளைமுத்து தூவி, முன்னூறு ரூவாய்க்குத் தின்னியாமே! 2023-ம் வருசத்தை ஐ.நா. சபை சிறுதானிய வருசம்னு அறிவிச்சுச்சு, நானும் பேப்பர்ல பாத்தேன். அறிவிச்சது நல்ல காரியம். ஆனா, நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான்னு இருந்த காலத்துல நாங்க வேற வழியில்லாமத் தின்ன சோறு அது. அதைத் தின்னாம இருக்கணும்னுதான்யா உங்க அப்பனைப் படிக்க வச்சேன்.

துட்டு வேண்டாம்னு சொல்லுத சாமியார் கெழவன்னு என்னை நெனைச்சிராதே. துட்டு இல்லாத வீட்டுல சாமியும் தங்காது. 2010-ல டேனியல் கானெமன், ஆங்கஸ் டீட்டன்னு ரெண்டு பெரியவுக, நோபல் வாங்கினவுக, அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாகளாம்: வருசத்துக்கு 75,000 டாலர் கிட்ட வந்துட்டா, அதுக்கு மேல எவ்வளவு வந்தாலும் அன்றாடச் சந்தோசம் கூடாதுன்னு. 2021-ல கில்லிங்ஸ்வொர்த்னு இன்னொருத்தர் வந்து, இல்ல, கூடிக்கிட்டேதான் போகுதுன்னுட்டாரு. பெறவு 2023-ல கானெமனும் அவரும் இன்னொருத்தருமா ஒண்ணா உக்காந்து பாத்தாக. பெரும்பாலானவுகளுக்குத் துட்டு கூடக் கூடச் சந்தோசமும் கூடுதாம். ஏற்கெனவே மனசு நொந்து கெடக்கவனுக்கு மட்டும் ஒரு அளவுக்கு மேல துட்டு ஒண்ணும் செய்யாதாம். பாரு, எவ்வளவு நாணயமான மனுசங்க. ஒருத்தரை ஒருத்தர் வையாம, கூடி உக்காந்து திருத்திக்கிட்டாக. நம்ம ஊர்க் கூட்டம்னா நாற்காலி பறந்திருக்கும்.

அப்ப எம்புட்டு வந்தா நல்ல சம்பளம்? அதுக்கு மொத அளவுகோல் வேணும்லா. உங்க அம்மை பவுனை வச்சு அளப்பா. 2010 கடைசியில பவுனு பதினாலாயிரம் பதினஞ்சாயிரம் இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல எழுவதாயிரத்தைத் தாண்டிருச்சு. அதே காலத்துல ஐ.டி. கம்பெனியில புதுசாச் சேருத பயலுக்கு அன்னைக்கும் மூணு மூணரை லட்சம், இன்னைக்கும் அதை ஒட்டித்தான். பவுனை வச்சு அளந்தா நாட்டுல எல்லாரும் பிச்சைக்காரந்தான், கணக்குப் பாத்து அழுதே செத்துருவே. பவுனைத் தின்னவும் முடியாது.

நான் தீப்பெட்டியை வச்சு அளப்பேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் வேற எதை வச்சு அளப்பான்? 2007-ல ஒரு பெட்டி ஒரு ரூவா ஆச்சு. 2021 டிசம்பர்ல ரெண்டு ரூவா ஆச்சு. பதினாலு வருசத்துல ரெண்டு மடங்கு. அப்படின்னா வருசத்துக்கு நூத்துக்கு அஞ்சு. உனக்கு நாலு சதவீதம் இன்கிரிமெண்ட் போட்டுட்டு, கேக்கு வெட்டி, கைதட்டினாகன்னு வீடியோ அனுப்பிச்சியே போன வருசம்? தீப்பெட்டியே உன்னை முந்திருச்சுய்யா. நீ கேக்கைத் தின்னுட்டு வந்திருக்கே.

தீப்பெட்டின்னதும் ஞாவகம் வருது. நம்ம பக்கத்து வீட்டு மதினி, தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கியே கண்ணு மங்கினவ. வாரக்கூலி, சனிக்கெழமை பட்டுவாடா. வாங்கிட்டு வந்ததும் திண்ணையில காலை நீட்டி உக்காருவா. மடியில துட்டைக் கொட்டுவா. எச்சி தொட்டு எண்ணி, மொத பங்கைச் சீட்டுக்காரிக்கு எடுத்து முந்தானையில முடிஞ்சிருவா. பெறவுதான் பலசரக்கு, பால் பாக்கி, பேத்திக்குப் பண்டம். ரேஷன் அரிசி 2011-லருந்து இனாமாக் கெடைக்கு, அதனால சோத்துக்குப் பயம் இல்ல. அவகிட்ட போயி, 'உங்க நிதித் திட்டமிடல் என்ன?'ன்னு கேட்டுப் பாரு. வெளக்குமாத்தை எடுப்பா. ஆனா சீட்டு எடுத்துப் பேரனை டிப்ளமா படிக்க வச்சிட்டா. நீ மாசக் கடைசியில, தின்னது குடிச்சது போக மிஞ்சினா சேக்கலாம்னு இருக்கே. என்னைக்குய்யா மிஞ்சியிருக்கு? சொல்லேன், பாப்போம்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. உன்னை வையுததுக்கு ஆசையா எனக்கு? பதினோராவது மாடி வேணாம்னு சொல்லல. இப்போதைக்கு வாடகைக்கே இரு. வேற வீடு மாறினா வீட்டுக்காரன் அட்வான்ஸ் பத்து மாசம் கேப்பான், மூணு மாசத்துக்கு மேல முறை இல்லேன்னு 2017-லயே தமிழ்நாட்டுல சட்டம் எழுதி வச்சிருக்குன்னு பணிவாச் சொல்லு. அவன் சிரிப்பான். நீயும் சிரி. பேரம்னா அப்படித்தான்.

இப்ப ஒரு கதை சொல்லுதேன். வைகாசியில நம்ம கீழத்தெருப் பயலுக்குப் பொண்ணு பாக்க ஒரு வேன் நெறைய ஆளு போனோம். மாப்பிள்ளை கைக்கடிகாரமே ஒரு சோடி காளை விலை இருக்கும். கேசரி வந்துச்சு, மிச்சர் வந்துச்சு. தரகர் தொண்டையைச் செருமிட்டு, 'மாப்பிள்ளைக்கு வருசத்துக்குப் பதினெட்டு லட்சம்'னாரு. பொண்ணோட அப்பா மெய்மறந்துட்டாரு. மூலையில ஒரு ஆச்சி, உரல்ல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தவுக, இடியை நிறுத்தல. இடிச்சுக்கிட்டே கேட்டாக: 'லட்சம் கெடக்கட்டும் தம்பி. நாளைக்கே வேலை போயிட்டுன்னு வையி. எம் பேத்திக்கு எத்தனை மாசம் கஞ்சி ஊத்துவே?'

பய அப்பனைப் பாத்தான். அப்பன் தரகரைப் பாத்தாரு. தரகர் மிச்சர்ல கடலை பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு. கடைசியில பய நெஞ்சை நிமித்திச் சொல்லுதான்: 'பாட்டி, எனக்கு சிபில் 790.'

ஆச்சி இடியை நிறுத்திட்டுப் பொண்ணோட அப்பாவைப் பாத்துக் கேட்டாக: 'அது என்னடா, சுகரா பிரசரா? இந்த வயசுலயேவா?'

சம்பந்தம் அங்கனயே நின்னுபோச்சு. கேசரி மட்டும் நல்லா இருந்துச்சு.

எதுக்கு இதைச் சொல்லுதேன்னா, அந்த ஆச்சிக்கு இன்னொரு பேத்தி இருக்கா. டீச்சருக்குப் படிச்ச பிள்ளை, நல்ல லட்சணம். உங்க அம்மை அங்க ஒரு பேச்சு விட்டிருக்கா. வார வெள்ளிக்கெழமை நம்ம எல்லாரும் போறோம், வேனும் சொல்லியாச்சு. நீ இன்னைக்கு ராத்திரி அந்தப் போனைத் தொறந்து, பேங்குல எம்புட்டு கெடக்குன்னு பாத்து, மாசச் செலவால வகுத்து வச்சுக்க. ஆச்சி கேக்காம விடமாட்டாக. நான் சொன்னேன்னு மட்டும் உங்க அம்மைகிட்டச் சொல்லிராதே.