அணையா அடுப்பும் ஓயாத குறிப்பும்

வடலூரில் அணையாதவை இரண்டு. ஒன்று, 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி வள்ளலார் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு. இன்னொன்று, எங்கள் தெருக் குறிப்பு சாரின் வாய். முன்னதற்கு விறகு வேண்டும். பின்னதற்கு ஒரு ரேடியோ போதும்.

குறிப்பு சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. இந்த மாதிரி ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு. பண்ருட்டியில் ஒருவர் இருப்பார், சிதம்பரம் கீழவீதியில் ஒருவர் இருப்பார், கடலூர் முதுநகரில் நிச்சயம் இரண்டு பேர் இருப்பார்கள். காலை வானொலி சொன்னதைக் காலைப் பலகாரத்துக்குள் ஊருக்குச் சொல்லி முடிக்காவிட்டால் இவர்களுக்கு இட்லி இறங்காது. வடலூருக்கு வாய்த்தவர் நெய்வேலிச் சுரங்கத்தில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். நெய்வேலியில் ஓய்வு பெறுகிறவர்களில் பலர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் மனை வாங்கிக் குடியேறுவது வழக்கம். சாமான்களோடு நாலரை மணிக்கு விழிக்கும் பழக்கமும் லாரியில் ஏறி வந்துவிடும். வேலை முடிந்துபோன சேதியை ஆபீஸ் மனிதனுக்குச் சொல்கிறது, உடம்புக்குச் சொல்வதில்லை. நாலரைக்கு எழுந்த மனிதர் விடிகிறவரை என்ன செய்வார்? ரேடியோவைத் திருகுவார்.

அவரிடம் இருப்பது ரப்பர் பேண்டு போட்டு மூடியைக் கட்டிய பழைய டிரான்சிஸ்டர். மகன் வாங்கிக் கொடுத்த செல்போனில் எஃப்.எம். வரும்தான். ஆனால் அதில் கேட்டது மனதில் நிற்காது என்பது அவருடைய கட்சி. புதுச்சேரி வானொலி 1967-இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துக்கு அதுதான் அண்டை வீட்டு நிலையம். மங்கள இசையில் ஆரம்பித்து விவசாயக் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, சமையல் குறிப்பு, செய்தி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்பார். மடியில் ஒரு டைரி. வருஷம் பழையது. அதனால் என்ன, குறிப்புக்குத் தேதி கிடையாது.

ஏழரைக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் முதலில் பால் பூத், அப்புறம் டீக்கடை, பிறகு நாலு முனைச் சந்திப்பு. கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று நாலு திசைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் அங்கே நிற்பதால், அவர் சொன்ன குறிப்பு எட்டரைக்குள் மாவட்டம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். போகிற வழியில் அளவு கொஞ்சம் மாறும். ரேடியோவில் ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்றார்கள். பால் பூத்தில் அது இரண்டு ஸ்பூன். டீக்கடையில் ஒரு கைப்பிடி. டீக்கடையில் கேட்டுக்கொண்டவர் அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை.

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட வேண்டும், உப்பை அது இழுத்துக்கொள்ளும் என்பது அவருடைய பிரசித்தி பெற்ற குறிப்புகளில் ஒன்று. எதிர்வீட்டு அம்மா போட்டுப் பார்த்தார். கிழங்கு உப்பை இழுத்தது உண்மை. சாம்பாரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. முன்பு சாம்பார் மட்டும் உப்பாக இருந்தது. இப்போது கிழங்கும் உப்பு. சர்க்கரை டப்பாவில் நாலு கிராம்பு போட்டால் எறும்பு அண்டாது என்று இன்னொரு நாள் சொன்னார். எறும்புகள் கிராம்புக்கு மரியாதை கொடுத்து அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சர்க்கரை எடுத்தன. போய்க் கேட்டால் அவர் அசரவில்லை. “நீங்க போட்டது எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்புமா. கடைக்காரன் ஏமாத்திட்டான். குறிப்பு மேல தப்பு சொல்லாதீங்க.” இவர்களைத் தோற்கடிக்க முடியாது. குறிப்பு பலித்தால் ரேடியோவின் பெருமை, பலிக்காவிட்டால் மளிகைக் கடையின் குற்றம்.

எல்லாமே பழுது என்று சொன்னால் பாவம். அரிசி மூட்டையில் காய்ந்த வேப்பிலை, துவரம்பருப்பில் நாலு வரமிளகாய், நறுக்கிய கத்தரிக்காய் கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீர் எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. அதில் புதுசு என்ன இருக்கிறது என்பதுதான் அவர் வீட்டம்மாவின் குறை. “எங்கம்மா இருந்தவரைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அப்ப இவரு காதுல விழல. ரேடியோவுல எவளோ ஒருத்தி சொன்னதும் டைரியை எடுத்து எழுதுறாரு பாருங்க.” மாமியார் சொன்னால் தொணதொணப்பு, அதையே ஒலிபெருக்கி சொன்னால் விஞ்ஞானம். நம் ஊர் ஆண்களின் காது அப்படி அமைந்துவிட்டது.

இந்தக் குலத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. அறுபதுகளின் பிற்பாதியில் திருச்சி வானொலி, ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் வயல்களில் இறக்கிவிட்டது. விதையின் எண்ணை யார் நினைவில் வைத்துக்கொள்வது? உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு காலைக் குறிப்பு களஞ்சியத்தை நிரப்பிய கதை அது. அந்த நெல்லைத் திருச்சி நிலையத்தில் பேசியவர்கள் பரப்பியது பாதி என்றால், கேட்டுவிட்டு வரப்பில் நின்று நாலு பேரிடம் சொன்ன குறிப்பு சார்கள் பரப்பியது மீதி.

பிறகு தென்கச்சி கோ. சுவாமிநாதன் வந்தார். கொள்ளிடக் கரை ஊர்க்காரர், விவசாயம் படித்தவர், பண்ணைச் செய்தியில் ஆரம்பித்து 1988-இல் சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்ல உட்கார்ந்தார். ஒரு விஷயம், அதற்கு ஒரு கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்க மாட்டார். 2009-இல் அவர் மறைந்தபோது எங்கள் குறிப்பு சார் அன்று முழுக்க யாருக்கும் எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. தெருவில் இருப்பவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்று தொட்டு அந்த நாற்காலி காலி என்று முடிவு செய்து தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார் என்பது என் யூகம். கதையும் சொல்கிறார். சிரிப்பு எங்கே வருகிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

வடலூரில் குறிப்புச் சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் இந்த ஊரில் எல்லாக் குறிப்பையும் ஒருவர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வள்ளலாரின் ‘நித்திய கரும விதி’யைப் படித்துப் பாருங்கள். சூரியன் உதிப்பதற்கு முன்னால் எழுந்திரு என்பதில் தொடங்கி, பல் துலக்குவது எதைக்கொண்டு, குளிப்பது எந்த நீரில், சாப்பிடுவது எவ்வளவு, எண்ணெய் முழுக்கு எப்போது என்று வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை என்று கீரைகளுக்குத் தனி இடம். குறிப்பு சார் வாசலில் இவை இரண்டும் தொட்டியில் வளர்கின்றன. கேட்டவர்களுக்குப் பறித்துக் கொடுப்பார். கேட்காதவர்களுக்குக் கட்டாயம் பறித்துக் கொடுப்பார். வள்ளலார் விதிகளில் அவர் பின்பற்றாதது ஒன்றே ஒன்று. பகலில் தூங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. மதியம் ஒன்றரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றால் கேட்கும் சத்தம் ரேடியோவுடையது அல்ல. “அது சன்மார்க்கிகளுக்குச் சொன்னது தம்பி, ஷிப்ட் பார்த்தவங்களுக்கு விதிவிலக்கு உண்டு” என்று விளக்கம் வைத்திருக்கிறார்.

இனி அரிசிக்கு வருகிறேன். வடலூரில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அரிசிக்குத்தான் வந்தாக வேண்டும். பார்வதிபுரத்துக்காரர்கள் எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய ஊர் இது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு போடுவதுதான் சாலையின் வேலை. தைப்பூசத்தன்று ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஊரே பந்தல் போட்டு வழியெங்கும் சோறு போடும். பத்தடிக்கு ஒருவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அன்று வடலூரில் பட்டினியாக இருக்கத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

மற்ற மாதங்களில் எங்கள் தெரு சாலைக்குக் கொடுப்பது பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைத்தால் மாதக் கடைசியில் கிலோவுக்கு மேல் சேர்ந்திருக்கும். காலங்காலமாகத் தமிழ்நாட்டில் உள்ள வழக்கம். குறிப்பு சார் மட்டும் இதை ரேடியோவில் கேட்டுத்தான் கண்டுபிடித்ததாகச் சொல்வார். மாதப் பூசத்துக்கு முதல் நாள் டி.வி.எஸ். 50-இல் சாக்கோடு வருவார். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏறி அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்ப்பார்.

அங்கேதான் தெருவின் லட்சணம் வெளியே வரும். தெருக்கோடியில் பூக்கட்டி விற்கும் அம்மா தான் தின்னும் பொன்னியிலிருந்தே ஒரு பிடி எடுத்து வைத்திருப்பார். மாடி வீட்டிலிருந்து வருவது ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து அது விலையில்லா அரிசி. விலையில்லாமல் வந்ததை விலையில்லாமல் கொடுத்துவிட்டுப் புண்ணியத்தை மட்டும் ரொக்கமாக எதிர்பார்ப்பார்கள். ரேஷன் அரிசியிலும் நல்ல அரிசி உண்டு, அது வேறு விஷயம். இது பரணில் கிடந்து வண்டு வைத்தது. முகத்துக்கு நேரே சொன்னால் மறு மாதம் கதவு திறக்காது. குறிப்பு சார் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் காலை பால் பூத்தில், மாடி வீட்டுக்காரர் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, பொதுவாக எல்லோருக்கும் சொன்னார்: “தர்மத்துக்குக் கொடுக்கிற அரிசியை மொதல்ல ஒரு வேளை நம்ம வீட்டுல ஆக்கித் தின்னு பாக்கணுமாம். ரேடியோவுல சொன்னாங்க.”

அன்று காலை அதே நிலையத்தை நானும் கேட்டேன். அன்று சொன்னது தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு மருந்து.

அதற்குப் பிறகுதான் அவரைச் சரியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். ரேடியோ சொன்னதாக அவர் சொல்வதில் ஒரு பகுதி ரேடியோ சொன்னதே இல்லை. சாக்கடையில் சோற்றைக் கொட்டி அடைக்கிற வீட்டுக்கு ஒரு குறிப்பு. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போடாத பையன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, வயசானவர்களுக்கு வாரம் இரண்டு முறை பிள்ளைகளின் குரல் காதில் விழுந்தால் ரத்த அழுத்தம் குறைகிறது என்று ஒரு மருத்துவக் குறிப்பு. எந்த மருத்துவர் சொன்னார் என்று பையன் கேட்டான். “பேரைக் கவனிக்கல தம்பி, அதுக்குள்ள கரன்ட்டு போயிடுச்சு” என்றார். டிரான்சிஸ்டருக்கும் கரன்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பையன் யோசிப்பதற்குள் ஆள் டீக்கடைக்குப் போய்விட்டார்.

ரேடியோவில் தம் குரல் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அஞ்சலட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிவிட்டு, பேரை வாசிக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த தலைமுறை அல்லவா? ஒரு காலை, ஏதோ ஒரு எஃப்.எம்.மில் நல்ல காரியம் செய்கிற நேயர்கள் பேசலாம் என்று அறிவித்தார்கள். லைன் கிடைத்துவிட்டது. தெருவே அவர் வாசலில். பிடி அரிசி கொடுக்கும் வீடுகளின் பட்டியல் கையில் தயார். முன்னுரையாக 1867-இல் ஆரம்பித்தார். 1872-இல் ஞானசபை கட்டியதற்கு வந்துசேரும்போது அந்தப் பெண், “சூப்பர் சார், உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?” என்று கேட்டாள். “இரும்மா, பேரெல்லாம் படிச்சிடறேன்” என்றார் இவர். அடுத்த நொடி நகைக்கடை விளம்பரம். ஒரு பேர்கூட வரவில்லை. மறு மாதம் நாலு வீடுகளில் பிடி அரிசி அரைப் பிடியாகிவிட்டது.

பகிடியெல்லாம் போகட்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. டி.வி. செத்தது, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. தெருவில் பேசிய ஒரே பொருள் குறிப்பு சாரின் டிரான்சிஸ்டர். எந்தச் சாலையில் மரம் அகற்றினார்கள், எங்கே தண்ணீர் லாரி வருகிறது என்று கேட்டுக் கேட்டு வீடு வீடாகச் சொன்னார். அந்த மாதப் பிடி அரிசி அப்படியே சாக்கில் இருந்தது. கூரை பறந்துபோன தெருக்கோடி வீடுகளுக்கு அதை அளந்து கொடுத்தார். சாலைக்குச் சேர வேண்டிய அரிசி ஆயிற்றே என்று மாடி வீட்டுக்காரர் கேட்டதற்கு, பசித்த வீடு பக்கத்திலேயே இருந்தால் முதலில் அங்கே கொடுக்கலாம் என்று ரேடியோவில் சொன்னதாகப் பதில் வந்தது. யார் வீட்டில் கூடுதலாக மண்ணெண்ணெய் இருக்கிறதோ அவர்கள் அரை லிட்டர் தர வேண்டும் என்றும் ரேடியோ சொல்லியது. ஜெனரேட்டர் இருக்கிற வீட்டு மோட்டாரில் தெருவே தண்ணீர் பிடிக்கலாம் என்றும் சொல்லியது. மாடி வீட்டில் மட்டும்தான் ஜெனரேட்டர்.

பேட்டரி மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது என்று அவர் வீட்டம்மா வெகுநாள் கழித்து எங்களிடம் சொன்னார். ரேடியோ சொன்னது மட்டும் கரன்ட் வருகிறவரை வந்துகொண்டே இருந்தது.

வடலூர் வழியாகப் போகிறவர்கள் நாலு முனையில் இறங்கி தர்மசாலைக்குப் போய்வாருங்கள். பசியோடு போனால் சாப்பிடுங்கள், யார் என்று கேட்க மாட்டார்கள். அரிசியோடு போவதானால் உங்கள் வீட்டில் ஆக்குகிற அரிசியையே கொண்டுபோங்கள். இது நான் சொல்வதல்ல, ரேடியோவில் சொன்னார்கள்.