டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

"ஓஎஸ் போட்டுடலாம் சார். டேட்டா எதுவும் வேணுமா?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் கடைத் தம்பி. குமணன்சாவடியில், மெட்ரோத் தூண் நிழலில் கடை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனதால், எங்கள் வீட்டுக் கணினி அவர் பார்வைக்குப் போயிருந்தது.

வீட்டில் ஐ.டி. டிபார்ட்மென்ட் நான்தான். யாரும் கொடுத்த பதவியல்ல. ஒருமுறை ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தபோது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் தோரணையில், "முக்கியமானதெல்லாம் டி டிரைவில் பத்திரமா இருக்கு" என்றேன்.

"அப்பா, உங்க ஃபைல் பூரா டெஸ்க்டாப்ல கிடக்கு. டெஸ்க்டாப்பே சி டிரைவ்தான்" என்றான் மகன். தம்பி நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

ஓஎஸ் போட்டால் அழியப்போவது அந்த சி டிரைவ்தான் என்பதால், காப்பி எடுக்கப் பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். ஆப்டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதாம். வியூவில் போய் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் மங்கலாகத் தலைகாட்டும். உள்ளே லோக்கல், லோக்கல்லோ, ரோமிங். ரோமிங் என்றதும், இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலத்து நடுக்கம் எனக்கு. தண்டர்பேர்டு மெயில், பயர்ஃபாக்ஸின் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அந்த ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்து வைத்தால், புது விண்டோஸிலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது எழுத்துரு. குடியிருப்போர் சங்கத்தின் கௌரவ எழுத்தர் நான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அந்த ஆணை எங்கள் சங்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. கழிவுநீர் பற்றி நான் வடித்த மனுக்கள் அத்தனையும் பாமினியில். பாமினி ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் வேஷம் கட்டுகிற எழுத்துரு. சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை எடுத்து வைக்காமல் மனுவை மட்டும் காப்பி செய்தால், 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி நிற்கும். அப்படியே அனுப்பினாலும் அதே பதில்தான் வரும் என்றான் மகன். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குரோம் சமாச்சாரம் வேறு. அதன் ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாஸ்வேர்டு கூட வராது; பழைய விண்டோஸ் லாக்-இன்னோடு பூட்டு பிணைந்திருக்கிறது. பாஸ்வேர்டு மேனேஜரில் போய் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒரு சிஎஸ்வி ஃபைல் வந்தது. பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. எக்ஸெலில் திறந்தால் தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று வரிசையாக நிற்கும்.

இதன் அபாயத்தை விளக்குவதற்காக மனைவியைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். "யார் கையில கிடைச்சாலும் குடும்பமே அம்பேல்" என்றேன்.

அவள் கரண்டியோடு குனிந்து படித்தாள். கேஸ், கரண்ட், ரயில் டிக்கெட் எல்லாம் தாண்டி ஒரு வரியில் நின்றாள்.

"ஷேர் மார்க்கெட் கணக்கு எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

மகன் தண்ணீர் குடிக்கப் போனான்.

"பாஸ்வேர்டு மட்டும் என் பேரா? சரி, பார்மட் பண்ணா இது அழிஞ்சிடுமா?"

"அழியாதும்மா. அதெல்லாம் அவங்க சர்வர்ல இருக்கும்" என்று விளக்கம் அளித்தது ஐ.டி. டிபார்ட்மென்ட்.

"நல்லதாப் போச்சு. உள்ள போங்க, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கலாம்."